வயிற்றுவலிக்கு இருபதுக்கு ஆறு

அந்த வெள்ளிக்கிழமை வரை நான் யாருக்கும் இருபதுக்குப் பதினான்குக்கு மேல் போட்டதில்லை. எனக்கும் யாரும் போட்டதில்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் எதற்கும் இருபதுக்குத்தான் மதிப்பெண். ஆனால் அந்த இருபதில் மேலே உள்ள ஆறு எண்களும் ஆள் குடியேறாத மாடிபோலச் சும்மா கிடக்கும். பதினைந்து வாங்கிய பிள்ளை அத்தோடு படிப்பை நிறுத்திவிடும் என்று என் வாத்தியார்கள் நம்பினார்கள். நானும் அப்படியே நம்பி, கொம்யூன் என்கிற ஊராட்சியின் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருஷம் சிவப்பு மையால் திருத்தினேன். அதில் தப்பொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும்வரை அதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அதைத் தெருவைத் தாண்டி எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குக் கிழக்கே, நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ஆஸ்பத்திரி. ஓர் ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சு, ஒரு கம்பவுண்டர், அவ்வளவுதான். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து டாக்டர் தன் மோட்டாரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். பிரான்சிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். தமிழில் அவருக்கு 'நாக்கை நீட்டு' மட்டும் தெரியும். அதையும் காலில் அடிபட்டவர்களிடம் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் முழங்கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவார்; ஊர் வாத்தியாரை எல்லாரும் கூப்பிடுவதுபோல 'முசே', அதாவது ஐயா, என்பார்.

"முசே, இங்கே வருகிறவர்கள் எல்லாரும் 'உயிர் போகுது' என்கிறார்கள். கம்பவுண்டரும் அதை அப்படியே பிரெஞ்சில் சொல்கிறார். முள் குத்தினவனுக்கும் உயிர் போகிறது, மூன்று நாளாகப் பிரசவமாகாதவளுக்கும் உயிர் போகிறது. என் மோட்டாரில் பின்சீட்டு ஒன்றுதான். யாருக்கு முதலில் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

நான் தெரியாது என்றேன்.

"உங்கள் பிள்ளைகளில் எவன் கெட்டிக்காரன் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?"

"மதிப்பெண் போட்டு."

புது மருந்தொன்றை நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதுபோல் அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். அங்கேயே விதிகளை எழுதினோம். பதினாறும் அதற்கு மேலும் வலிக்கிறவர்களை மோட்டாரில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. எட்டிலிருந்து பதினைந்துவரை அவர் பார்ப்பார். எட்டுக்குக் கீழே கம்பவுண்டர். கம்பவுண்டரிடம் இரண்டு மருந்து உண்டு, ரோஸ் நிறத் தண்ணீர் ஒன்று, விளக்கெண்ணெய் ஒன்று. பள்ளிக்கூட மணிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நான் பெஞ்சுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்துச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டியது.

எருது காலை மிதித்துவிட்ட ஓர் உழவர்தான் முதலில் வந்தார்.

"இருபதுக்கு எம்மாம் நோவுது, சொல்லுங்க. சைபர்னா நோவே இல்ல. இருபதுன்னா தாங்கவே முடியாது."

அவர் யோசித்தார். "நோவே இல்லன்னா நான் இன்னாத்துக்கு இங்க வரன், முசே?"

"சரி, அப்ப எவ்ளோ?"

"குந்தினா வேற, நடந்தா வேற."

"குந்தினா?"

"நாலு வெச்சிக்கயேன்."

"நடந்தா?"

"நடந்தாத்தான் தாங்கவே முடியலயே. நீ சொன்ன இருபதுதான்."

நான் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பன்னிரண்டு என்று எழுதினேன். அவர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஸா, பெயிலா?" என்றார்.

ஒரு வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, தன் வலிக்குத் தானே மதிப்பெண் போட யாராலும் முடியாது என்று. ஆகவே நானே போட ஆரம்பித்தேன். வலி எங்கே தொடங்கியது, எப்போது கூடுகிறது, எந்த மாதிரி வலி என்று மூன்று கேள்வி. ஒழுங்காக, வரிசையாகப் பதில் சொன்னால் நல்ல எண். மிகைப்படுத்தினால் இரண்டு குறைப்பேன். 'உயிர் போகுது' என்றால் ஒன்று குறைப்பேன். பக்கத்து ஆள் 'குடையுது' என்று சொன்னதைக் கேட்டுவிட்டுத் தானும் 'குடையுது' என்றால் அது காப்பியடித்தது, சைபர். வாய் திறக்காமல் பெஞ்சில் சாய்ந்து முனகினவர்களுக்கு மூன்றோ நாலோதான் கிடைத்தது. கேள்விக்குப் பதில் எழுதாத பிள்ளைக்கு நான் வேறு என்ன போடுவேன்?

நான் வலியைத் திருத்தவில்லை, வலியைப் பற்றிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது இப்போது இதை எழுதும்போது எவ்வளவு வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது! அப்போது கம்பவுண்டருக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் சந்தோஷமாக என்னிடம் சொன்னார்: "உங்கள் ஊர் ஆச்சரியமான ஊர், முசே. மதிப்பெண் போடத் தொடங்கியதிலிருந்து பதினாறு வலி ஒருவருக்கும் வரவில்லை. பின்சீட்டு காலியாகவே போகிறது."

ஒரே ஒரு தடவை காலியாகப் போகவில்லை. கடற்கரையோரப் பனித்திட்டிலிருந்து மீன் விற்க வந்த ஒரு பெண்ணின் கையில் திருக்கை முள் ஏறியிருந்தது. முழங்கைவரை வீங்கிக் கறுத்திருந்தது. "ரெண்டு போட்டு ஒரு கட்டு கட்டி வுடு சாமி, கூடை வெயில்ல கெடக்குது" என்றாள். கேட்டதைப் போட்டுக் கொடுத்தேன். கம்பவுண்டர் ரோஸ் தண்ணீரை எடுக்கும்போது டாக்டர் தற்செயலாக அந்தக் கையைப் பார்த்துவிட்டார். அவளையும் கூடையையும் சேர்த்து மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார்.

போகும்போது, "கடற்கரை ஜனங்கள் உங்களைப்போலவே கண்டிப்பாக மதிப்பெண் போடுகிறார்கள்" என்றார். அதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. சாயங்காலங்களில் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "எம் புள்ளைக்குக் கணக்குல போடாத மார்க்க இவருக்காவது போடுங்க முசே, இடுப்புப் புடிச்சிகினு நாலு நாளா குனிஞ்சே நிக்குறாரு" என்றாள். அவரும் குனிந்தபடியே ஆமாம் என்றார். இருவர் தங்கள் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு பல்வலிக்காரன், ஐந்தை எட்டாக்கித் தன் கையாலேயே திருத்திக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டான்.

எல்லாரையும்விடப் பெரிய சண்டை ஊர்ப் பண்ணைக்காரருடன். ஏரிப் பாசனத்தில் பாதி அவர் நிலம். அவருக்கு உட்காருகிற இடத்தில் கட்டி. நான் ஏழு போட்டேன்.

"என் நெலத்த குத்தகைக்கு ஓட்டுறவனுக்குப் பதினொண்ணு. எனக்கு ஏழா?"

"அவரு வெவரமா சொன்னாருங்க."

"நான் இன்னா சொல்லல? ஒக்கார முடியலன்னு சொன்னன் இல்ல?"

"அது வலியோட பலன். வலி எந்த மாதிரின்னு கேட்டேன்."

"எந்த மாதிரின்னா? கட்டி மாதிரி!"

நின்றபடியே கத்திவிட்டு, நின்றபடியே வண்டியில் ஏறிப் போனார். கம்பவுண்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் போவதைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம மறுபரிச்ச எழுத வருவாரு பாரு வாத்தியாரே" என்றார்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டிலும் நான் இப்படித்தான். ஒருமுறை என் மனைவி வாய் தவறி "ரசம் எப்படி?" என்று கேட்டுவிட்டாள். பதினொன்று என்றேன். நாலு நாள் பேசவில்லை. எங்களுக்கு ஒரே மகள், அப்போது பத்து வயது. அவள் கையெழுத்துக்கு, கோலத்துக்கு, தலை வாரிக்கொண்டதற்கு, எல்லாவற்றுக்கும் நான் எண் சொல்வேன், அவள் சிரிப்பாள். பத்துக்கு மேல் கேட்டால் அப்பா காரணம் கேட்பார் என்பது அவளுக்குப் பால் பற்கள் விழுவதற்கு முன்பே தெரியும்.

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் சாப்பிடவில்லை. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள்.

"இருபதுக்கு?"

கொஞ்சம் யோசித்து, "அஞ்சுப்பா" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் பெரியவர்களால் முடியாததை என் பெண் செய்கிறாள். சாயங்காலம் வலி வலப்பக்கம் இறங்கியிருந்தது. "ஆறு" என்றாள். எங்கே தொடங்கியது, எங்கே போனது, எப்போது கூடுகிறது என்று மூன்றுக்கும் வரிசையாகச் சொன்னாள். பதில் அவ்வளவு நன்றாக இருந்ததே தவிர, எண் ஆறுதான். அவள் கேட்டதைவிட ஒன்று கூட்டிப்போட என் மனம் ஒப்பவில்லை. மகளுக்கென்றால் சலுகையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கடவுளே, அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை, பிரெஞ்சு வழக்கப்படி, பள்ளிக்கூட விடுமுறை. அவள் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"வண்டி கட்டச் சொல்லுங்க, புதுச்சேரிக்கு இட்டுகினு போயிடலாம்" என்றாள் என் மனைவி.

"ஏழுதான் சொல்றா. ஏழுக்கு யாராவது புதுச்சேரி போவாங்களா? நாளைக்கு டாக்டரே வராரு."

"புள்ள சுருண்டு கெடக்குது. நீங்க இன்னாத்த எண்ணிகினு நிக்கிறீங்க?"

ஏழு எட்டுக்குக் கீழே. அதனால் கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து விளக்கெண்ணெய் கொடுத்தார். குடித்ததை அவள் வாந்தியெடுத்துவிட்டாள். விதிப்படி எல்லாம் நடந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். காலை நீட்டிக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது.

"எவ்ளோம்மா?"

"ரெண்டுப்பா. திடீர்னு கொறஞ்சிடுச்சி."

நான் பூஜை அலமாரிக்கு முன்னால் போய்க் கும்பிட்டேன். 'ஏழு இரண்டாகிவிட்டது' என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தபடி இருந்தாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், மதிப்பெண் போட.

பண்ணைக்காரர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கணக்குப்பிள்ளையை வைத்து எழுதி, மனப்பாடம் செய்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்: "இடப்பக்கம். போன சனிக்கெழம காலைல ஆரம்பம். மொதல்ல அரிப்பு. ரெண்டாம் நாள் குத்தல். நாலாம் நாள்லேர்ந்து, உள்ள ஒருத்தன் குந்திகினு அம்மி கொத்துற மாதிரி. நிக்கும்போது கொறையும், படுத்தா கூடும், இருமினா ரொம்ப."

பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. தொடக்கம் இருந்தது, வளர்ச்சி இருந்தது, உவமைகூட இருந்தது. கை தானாக எழுதிவிட்டது: பதினாறு. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பதினாறு, ஒரு பண்ணைக்காரரின் பின்புறத்துக்கு.

அவர் சீட்டை உயர்த்தி எல்லாருக்கும் காட்டிவிட்டு, நேரே போய் மோட்டாரின் பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்து முடிக்கும் நேரம். விடைபெறப் போனவன், நல்ல செய்தி சொல்கிறவனைப்போல, என் மகள் கதையைச் சொன்னேன். தொப்புளில் ஐந்து, வலப்பக்கம் ஆறு, பிறகு ஏழு, இன்று காலை இரண்டு. ஒரு பரீட்சை வெற்றியைப்போல அதைச் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கம் கீழேயா?"

"ஆமாம்."

"இன்று காலை திடீரென்று இரண்டு?"

"ஆமாம், திடீரென்று."

அவர் கையைத் துடைக்கவில்லை. சோப்பு நுரையோடு தெருவில் ஓடினார். எந்த வீடென்று தெரியாமல் ஓடினார். நான் பின்னால் கத்திக்கொண்டு ஓடினேன். பிள்ளையின் வயிற்றில் அவர் கை வைத்தபோது வயிறு பலகைபோல இருந்தது. "குடல்வால் உள்ளே உடைந்துவிட்டது. உடைந்ததும் வலி குறையும். அந்த இரண்டுதான் மோசமானது" என்றார். "நேற்றே ஏன் கொண்டுவரவில்லை?"

"நேற்று ஏழுதான்" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையை நான் யாரிடமும் விவரித்ததில்லை. இங்கேயும் முடியவில்லை.

பிள்ளையைப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு மோட்டாருக்கு வந்தோம். பின்சீட்டு முழுக்கப் பண்ணைக்காரர்.

"எறங்குங்க ஐயா" என்றேன்.

தலையைத் தூக்காமல் சீட்டை மட்டும் உயர்த்திக் காட்டினார். "பதினாறு. உன் கையெழுத்துதான?"

"எம் பொண்ணு ஐயா, குடல் ஒடஞ்சிடுச்சி."

"புள்ளைக்கு எவ்ளோ போட்ட?"

கம்பவுண்டர்தான் சொன்னார்: "ரெண்டு."

"ரெண்டா? ரெண்டுக்குப் பதினாறு எறங்கணுமா? இன்னாயா நாயம் இது?"

பெஞ்சிலிருந்தவர்களெல்லாம் மோட்டாரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பதினாறுதான் போக வேண்டும் என்று சிலர். பதிமூன்று வாங்கிய ஒருவன், அவர் இறங்கினால் அடுத்து தான்தான் என்றான். டாக்டர் பிரெஞ்சில் கத்தினார், கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. என் மனைவி கதவைத் திறந்து, பிள்ளையின் முகத்தைப் பண்ணைக்காரரின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

அவர் பார்த்தார். "அடியே கண்ணு" என்றார் மெதுவாக. அப்புறம் என்னைப் பார்த்து, "ரெண்டா இது? கண்ணு இருக்குதாயா உனக்கு?" என்றார்.

ஆனால் மோட்டாரைவிட்டு இறங்கவில்லை. அவருக்கும் வலிதானே. சீட்டிலிருந்து சறுக்கி மோட்டாரின் தரையில் முழங்காலிட்டார். உட்கார முடியாதவரால் முழங்காலிட முடிந்தது. காலியான சீட்டில் பிள்ளையைக் கிடத்தினோம். என் மனைவி முன்னால் டாக்டர் பக்கத்தில் ஏறினாள். எனக்கு இடமில்லை. நான் வெளியே படிப்பலகையில் நின்று, ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். பதிமூன்று கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்தது.

அப்படித்தான் போனோம். வழியில் பிரிட்டிஷ் பகுதித் துண்டு ஒன்று குறுக்கே வரும். அங்கே சுங்கச் சாவடி. சேவகன் மோட்டாரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தான். வெள்ளைக்கார டாக்டர், அழுகிற பெண், வெளியே தொங்குகிற வாத்தியார், தரையில் சாமி கும்பிடுவதுபோல் முழங்காலிட்ட பெரிய மனிதர்.

"இன்னா கொண்டுகினு போறீங்க?"

"கட்டி" என்றார் பண்ணைக்காரர். "தீர்வை போடறதுன்னா பாத்துப் போடு."

சேவகன் கட்டையைத் தூக்கிவிட்டான்.

மோட்டார் பள்ளத்தில் விழும்போதெல்லாம் பண்ணைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிள்ளை உருளாமல் பிடித்துக்கொண்டார். அரியாங்குப்பம் தாண்டும்போது, "எம்மாம் நோவுதுடி கண்ணு?" என்று கேட்டார். நான் கேட்க நினைத்துப் பயந்துகொண்டிருந்த கேள்வி. அவள் கண்ணைத் திறக்காமல் ஏதோ சொன்னாள்.

"வாத்தியாரே, மூணுங்குது புள்ள!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். "மூணு நல்லதா, கெட்டதா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மோசம் என்றால் மூன்று அதைவிட மேலா? அல்லது அதைவிட மோசமா? ஆற்றைத் தாண்டி, புதுச்சேரித் தெருக்களுக்குள் நுழையும்வரை நான் படிப்பலகையில் நின்று அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன். விடை வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் மனைவியும் தாழ்வாரத்தில் நின்றோம். என்னைவிட்டு இரண்டு தூண் தள்ளி அவள் நின்றாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆண்கள் வார்டிலிருந்து ஓர் ஆயா வந்தாள்.

"பாகூர் பக்கத்து வாத்தியார் யாரு? கட்டி கீறின பெரியவரு சொல்லி அனுப்பினாரு. பதினாறு கொறஞ்சி இப்ப ரெண்டுதானாம்."

இரண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் ஓட ஆரம்பித்தேன். செருப்பு ஒன்று எங்கோ போனது. எதிரே வந்த நர்ஸ் கன்னியாஸ்திரீயின் கையைப் பிடித்து உலுக்கி, "ரெண்டாம்! அம்மா, ரெண்டாம்! டாக்டரக் கூப்பிடுங்க!" என்று கதறினேன். அவர் என்னுடன் பதறி ஓடிவந்தார். பண்ணைக்காரர் குப்புறப் படுத்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கன்னியாஸ்திரீ அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆயாவிடம் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சாயங்காலம் கதவு திறந்தது. வயிறு முழுக்கச் சீழ், எடுத்திருக்கிறோம், குழாய் வைத்திருக்கிறோம், ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்த வாரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது, ஐந்தாம் நாள் இறங்கியது. ஏறினபோது பயந்தேன், இறங்கினபோது அதைவிடப் பயந்தேன். குறைவது எதையும் பார்த்து நிம்மதியடைய இன்றுவரை எனக்கு வரவில்லை. வீட்டில் விளக்குத் திரி சற்றுத் தாழ்ந்தால்கூட எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஆறாம் நாள் காலை அவளுக்கு முழு நினைவு வந்தது. நான் கட்டிலருகே குனிந்தேன். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "வலிக்குதாம்மா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. "எவ்ளோ சொல்லணும்பா?"

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நம்பர் வேணாம்மா" என்றேன். "வலிச்சா கத்து. அவ்ளோதான்."

"எவ்ளோ சத்தமா?"

அந்த நேரத்தில் முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வார்டில் பண்ணைக்காரருக்குக் கட்டு மாற்றினார்கள். தினமும் அதே நேரம்தான். "ஐயோ, உயிர் போவுதே! உயிர் போவுதே, யம்மா!" என்று ஆஸ்பத்திரிச் சுவர்கள் அதிரும்படி ஒரு சத்தம்.

"அவ்ளோ" என்று விரலால் காட்டினேன். "அந்த மாதிரி."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்படிச் சொன்னா ஒண்ணு கொறைப்பியேப்பா."

மறுநாள் காலை அவளுக்குக் கட்டு மாற்ற வந்தார்கள். ஒட்டிய துணியைக் கன்னியாஸ்திரீ உரித்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முதலில் உதட்டைக் கடித்தாள், கண்ணை மூடினாள், நெற்றி சுருங்கியது. உள்ளுக்குள் ஏதோ எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "எண்ணாத" என்றேன். "எண்ணாதம்மா."

"உயிர் போவுதே!" என்று அலறினாள் என் பெண். "யம்மா! உயிர் போவுதே!"

கன்னியாஸ்திரீயின் கையிலிருந்து தட்டு விழுந்து, கத்தரிக்கோல் கட்டிலுக்கடியில் ஓடியது. வார்டிலிருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பண்ணைக்காரரின் குரல் கேட்டது: "ஆங்! அப்படிக் கத்து, கண்ணு!"

என் மனைவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு நாளுக்குப் பிறகு, நான் நின்றிருந்த பக்கமாக வந்து நின்றாள். நான் குனிந்து கட்டிலுக்கடியில் கத்தரிக்கோலைத் தேடினேன். வெகுநேரம் தேடினேன்.